ஒரே ஆவணம், அச்சுக்கும் வலைக்கும்: படங்களில் மாட்டும் இடங்கள்

எழுத்தை ஒரே மூலத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே அச்சுக்கு ஒரு பிடிஎஃப்பும் வலைக்கு ஒரு பக்கமும் எடுப்பது இன்று பெரிய வித்தை இல்லை. மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதி, வடிவம் மாற்றும் பாண்டாக் கருவி வழியாக எடுத்தாலும், அச்சுக்கோப்பு மென்பொருளான லேடெக்கிலோ லிப்ரே ஆஃபிஸிலோ எழுதினாலும், எழுத்து இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். மாட்டுவது படங்களில்தான், அதுவும் உடனே மாட்டாது. வலைப்பக்கம் அழகாக வந்திருக்கும். பிடிஎஃப்பைத் திரையில் திறந்தால் அதுவும் அழகாகவே தெரியும். காகிதம் கைக்கு வந்த பிறகுதான் மெல்லிய கோடுகள் காணாமல் போனதும், ஸ்கிரீன்ஷாட் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததும், நல்ல நீலம் மங்கிப்போனதும் கண்ணில் படும். அச்சுத் தகடான பிளேட் போட்டு, காகிதம் முழுக்க ஓடி முடிந்திருந்தால் மொத்தச் செலவும் மறுபடி. இதில் எரிச்சல் என்னவென்றால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அச்சகத்துக்காரருக்கு வலை வேண்டாம், வலைக்காரருக்கு அச்சு வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் வேலை நடக்கும் வரிசையிலேயே, எங்கெங்கே கால் இடறும் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் எல்லோரும் செய்வது, இரண்டு இடத்திலும் ஓடுகிற ஒரு வடிவத்தைத் தேடுவது. லேடெக்கின் இன்றைய எஞ்சின்கள் பிடிஎஃப், பிஎன்ஜி, ஜேபிஜி மூன்றையும் நேராக எடுத்துக்கொள்ளும். படத்தைப் பிக்சலாக இல்லாமல் கோடுகளாக எழுதிவைக்கும் எஸ்விஜியை நேராக எடுக்காது. உலாவிகள் ஜேபிஜி, பிஎன்ஜி, ஜிஃப், எஸ்விஜி, வெப்பி, ஏவிஐஎஃப் என்று நிறைய எடுக்கும், ஆனால் பிடிஎஃப்பையோ இபிஎஸ்ஸையோ ஒரு படமாகப் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலானவை காட்டாது. இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக மிஞ்சுவது பிஎன்ஜியும் ஜேபிஜியும். உடனே எல்லாப் படத்தையும் பிஎன்ஜி ஆக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு விதை இங்கேதான் விழுகிறது.

ஒரு கோட்டுப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள், அம்புக்குறிகள், பெயர்கள். 800 பிக்சல் அகலத்தில் பிஎன்ஜி எடுத்தால் வலையில் ஓரளவு தெளிவாக இருக்கும். அதையே அச்சில் 12 சென்டிமீட்டர் அகலத்தில் வைத்தால் ஓர் அங்குலத்துக்கு 169 பிக்சல்தான் கிடைக்கும். எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு. சரி, அச்சுக்கேற்ப அங்குலத்துக்கு 600 என்று எடுத்தால் 2835 பிக்சல் அகலம் வரும். இப்போது வலையில் கோப்பு கனக்கும். அதைவிட, உலாவி அதை 700 பிக்சல் இடத்துக்குச் சுருக்கும்போது மெல்லிய கோடுகள் வெளிறிச் சாம்பல் நிறமாகும். கோட்டுப்படத்துக்கு இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற ஒரு பிக்சல் அளவு கிடையாது. தேடித் தேடி நேரம் போவதுதான் மிச்சம்.

தேட வேண்டியது பொது வடிவத்தை இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மூலக் கோப்பை. அச்சுப் பிரதியும் வலைப் பிரதியும் அதிலிருந்து பிறக்க வேண்டும், அந்த இரண்டில் எதையும் கையால் திருத்தவே கூடாது. வரைந்த படமென்றால் மூலம் எஸ்விஜி. வலைக்கு அதையே கொடுக்கலாம், அச்சுக்கு அதிலிருந்து பிடிஎஃப். புகைப்படமென்றால் மூலம் கேமரா கொடுத்த கோப்போ, திருத்திச் சேமித்த டிஃப் கோப்போ. இரண்டுக்கும் அதிலிருந்து ஜேபிஜி, வலைக்குக் கூடுதலாக ஏவிஐஎஃப் அல்லது வெப்பி. ஸ்கிரீன்ஷாட் என்றால் மூலமும் இரண்டு பிரதிகளும் பிஎன்ஜிதான். ஸ்கிரீன்ஷாட்டின் மேல் அம்புக்குறியும் எண்களும் போடுவதாக இருந்தால், அவற்றை பிஎன்ஜிக்குள்ளேயே வரைந்து உறையவைக்காமல், ஓர் எஸ்விஜிக்குள் அந்த பிஎன்ஜியை உட்பொதித்து மேலே வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் கோட்டு வடிவமாக, வரைந்தால் நல்லது. நாளைக்கு மென்பொருளின் திரை மாறினால் அடியில் இருக்கும் படத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆவணத்துக்குள் படத்தை எப்படிக் குறிப்பிடுவது என்பது அடுத்தது. கோப்புப் பெயரை மட்டும் எழுதுங்கள், கடைசியில் வரும் வடிவப் பெயரை எழுதாதீர்கள். லேடெக் தானே தனக்குப் பிடித்ததைத் தேடி எடுத்துக்கொள்ளும். பாண்டாக்கில் இயல்பான பட வடிவம் என்ன என்று ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டின்போதும் சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது. அச்சுக்கு எடுக்கும்போது பிடிஎஃப் என்றும், வலைக்கு எடுக்கும்போது எஸ்விஜி என்றும் கொடுத்தால் போதும், மூலத்தில் ஒரு எழுத்தும் மாற வேண்டாம். புகைப்படங்களும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் இரண்டு பக்கமும் அதே வடிவம் என்பதால் அவற்றுக்கு மட்டும் முழுப் பெயர் எழுதிவிடலாம். இங்கே ஒளிந்திருக்கும் பள்ளம்: அதே பெயரில் ஒரு பழைய பிஎன்ஜி அதே கோப்புறையில் கிடந்தால், தேடும் வரிசையைப் பொறுத்து லேடெக் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரிசையை நீங்களே லேடெக் ஆவணத்தின் முகப்பில் அறிவித்துவிடுங்கள், அச்சுப் பிரதிகளையும் வலைப் பிரதிகளையும் தனித்தனிக் கோப்புறையில் வையுங்கள்.

எஸ்விஜியை பிடிஎஃப் ஆக்குவதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள், ஆகையால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பைக் கட்டளை வரியிலிருந்து ஓட்டியும் மாற்றலாம், ஆர்எஸ்விஜி கன்வெர்ட் என்ற சின்னக் கருவியாலும் மாற்றலாம். பாண்டாக் தானாக மாற்றும்போது அழைப்பது இரண்டாவதைத்தான். இரண்டிலும் முதல் அதிர்ச்சி, பெயர்கள் எல்லாம் மறைந்து வெறும் கட்டங்கள் மட்டும் மிஞ்சுவது. விளக்கப்படம் வரையும் கருவிகளான டிரா.ஐஓவோ மெர்மெய்டோ கொடுத்த எஸ்விஜியாக இருந்தால் இது பெரும்பாலும் நடக்கும். காரணம், அவை எழுத்தை எஸ்விஜியின் எழுத்தாக வைக்காமல் ஹெச்டிஎம்எல் துண்டாக உள்ளே செருகிவைக்கின்றன. உலாவி அதைப் புரிந்துகொள்ளும், மாற்றும் கருவிகள் புரிந்துகொள்ளாது. வலையில் சரியாகத் தெரிந்த படம் அச்சில் ஊமையாகிவிடும். டிரா.ஐஓவில் அந்தந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, வடிவமைத்த எழுத்து என்பதையும் வரி மடிப்பு என்பதையும் அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். மெர்மெய்டில் ஹெச்டிஎம்எல் லேபிள்களை வேண்டாம் என்று அமைப்பில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நிழல், மங்கல் போன்ற ஃபில்டர்கள். பிடிஎஃப்பில் இவற்றுக்கு நேர் மாற்று இல்லாததால், இங்க்ஸ்கேப் அந்தப் பகுதியை மட்டும் பிக்சலாக்கி உள்ளே வைக்கும். இயல்பாக அங்குலத்துக்கு 96 பிக்சல்தான். ஒரு கட்டத்துக்கு அழகுக்காகப் போட்ட நிழல், அந்தக் கட்டத்தையே அச்சில் மங்கலாக்கிவிடும். எக்ஸ்போர்ட் பெட்டியில் அந்த எண்ணை 300க்கோ 600க்கோ ஏற்றலாம். என்னைக் கேட்டால் நிழலை எடுத்துவிடலாம், அது இல்லாததால் எந்த விளக்கப்படமும் கெட்டுப்போனதில்லை.

மூன்றாவது எழுத்துரு. எஸ்விஜி கோப்பு எழுத்துருவின் பெயரை மட்டுமே வைத்திருக்கும், எழுத்துருவை வைத்திருக்காது. மாற்றும் கணினியில் அது இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். அகலம் மாறும், பெயர்கள் கட்டத்தைவிட்டு வெளியே வழியும். பிடிஎஃப் ஆன பிறகு எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் அச்சுப் பக்கம் அதோடு நிம்மதி. வலைப் பக்கம்தான் வம்பு. எஸ்விஜியைச் சாதாரணப் படக் குறியில் வைத்தால், அதற்குள்ளிருந்து வெளிக் கோப்பு எதையும் உலாவி ஏற்றாது, உங்கள் தளத்தின் வலை எழுத்துருவும் அதில் சேர்த்திதான். படிப்பவர் கணினியில் என்ன தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதில்தான் பெயர்கள் தெரியும். வழி மூன்று. எஸ்விஜியின் உரையையே பக்கத்துக்குள் எழுதிவிட்டால் தளத்தின் எழுத்துரு வேலை செய்யும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கலாம், கோப்பு பெருக்கும். இல்லையென்றால் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடலாம். கடைசி வழியில் எழுத்தைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, திரை வாசிப்பான்களும் படிக்காது. அதனால் அதை வலைப் பிரதிக்கு மட்டும், எக்ஸ்போர்ட் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். மூலத்தில் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். மூலத்தில் மாற்றிவிட்டால் பிறகு ஓர் எழுத்துப்பிழை திருத்த மொத்தப் பெயரையும் மறுபடி தட்ட வேண்டும்.

நான்காவது, கோட்டின் தடிமன். ஹேர்லைன் என்று ஒரு தடிமன் பல வரைகலை மென்பொருள்களில் உண்டு. பிடிஎஃப்பில் தடிமன் பூஜ்யம் என்றால் அந்தக் கருவியால் போட முடிந்த மிகமிக மெல்லிய கோடு என்று பொருள். திரையில் அது ஒரு பிக்சல், பளிச்சென்று தெரியும். 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளி) பிளேட் இயந்திரத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. காகிதத்தில் ஒன்றும் இருக்காது. குறைந்தது 0.25 பாயிண்ட் வையுங்கள், வெளிர் நிறக் கோடென்றால் 0.5. இந்தக் கணக்கு படம் சுருங்கிய பிறகு உள்ள தடிமனுக்கு. 20 சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்த படத்தை 10 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் 10 பாயிண்ட் எழுத்தும் 5 பாயிண்ட் ஆகிவிடும். அச்சில் எந்த அகலத்தில் வரப்போகிறதோ அதே அகலத்தில் வரைவது ஒன்றுதான் இதற்கு மருந்து.

அதே படம் கைபேசியில் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுங்கள். 12 சென்டிமீட்டர் அகலப் படம் வலையின் கணக்கில் சுமார் 454 பிக்சல். கைபேசித் திரையில் 340 பிக்சல் இடத்தில் அது உட்காரும்போது 8 பாயிண்ட் எழுத்து 8 பிக்சலுக்கு இறங்கிவிடும். படிக்க முடியாது. பெயர்கள் அடர்ந்த அகலமான படத்துக்குக் கைபேசிக்கென்று மேலிருந்து கீழாக அடுக்கிய இன்னொரு வரைவு தேவைப்படும், அல்லது தட்டினால் முழு அளவில் திறக்கும்படி ஓர் இணைப்பாவது. எஸ்விஜியில் வியூபாக்ஸ் என்ற பண்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத கோப்பு சுருங்காது, வெட்டுப்பட்டுத்தான் தெரியும்.

வரைபடங்களை நிரல் எழுதி எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் தனியாக. பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் போன்றவற்றில் ஒரே வரைபடத்தை எஸ்விஜி ஆகவும் பிடிஎஃப் ஆகவும் அடுத்தடுத்த இரண்டு வரியில் சேமித்துவிடலாம், மாற்றும் வேலையே வேண்டாம். ஆனால் அது பிடிஎஃப்பில் இயல்பாகப் பதிப்பது டைப் 3 என்ற வகை எழுத்துரு. சில பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். எழுத்துரு வகை 42 என்று அமைப்பில் மாற்றினால் ட்ரூடைப்பாகப் பதியும். புள்ளிகள் ஒரு லட்சம் இருக்கும் சிதறல் வரைபடத்தை முழு வெக்டராக எடுக்காதீர்கள், உலாவி திணறும், பக்கத்தை அச்சுப் புள்ளிகளாக்கும் அச்சகத்தின் ரிப்பும் திணறும். புள்ளிகளை மட்டும் பிக்சலாக்கி, எக்ஸ், ஒய் அச்சுக்கோடுகளையும் பெயர்களையும் வெக்டராக விடும் வசதி அதிலேயே இருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் போட்டால் இன்னொரு கஷ்டம்: மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகளுக்கு எழுத்துகளை இணைக்கத் தெரியாது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எஸ்விஜியின் எழுத்துரு வகையை ஒன்றுமில்லை என்று அமைத்துச் சேமித்தால், பெயர்கள் கோடாக மாறாமல் எழுத்தாகவே கோப்புக்குள் போகும். பிறகு உலாவியும் இங்க்ஸ்கேப்பும் கொம்பைச் சரியான இடத்தில் வைத்துவிடும். அந்த எஸ்விஜியிலிருந்து இங்க்ஸ்கேப் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் அச்சும் சரியாகும்.

இந்த மாற்றங்களைக் கையால் செய்யாதீர்கள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 60 படத்துக்கு இரண்டு மணி நேரம், திருத்தம் வரும்போதெல்லாம் அதே இரண்டு மணி நேரம் மறுபடி. கடைசி நாளில் பொறுமை போய், மாற்றியது போதும் என்று விட்ட ஒரு படம்தான் பழைய வடிவில் அச்சேறும். மேக் என்ற பழைய கருவியே இதற்குப் போதும். எஸ்விஜியின் தேதி பிடிஎஃப்பின் தேதிக்குப் பிந்தியிருந்தால் மட்டும் மறுபடி மாற்று என்று நாலைந்து வரியில் விதி எழுதிவைத்தால், மாறிய படங்களை மட்டும் அது பார்த்துக்கொள்ளும்.

புகைப்படத்துக்கு வருவோம். இங்கே நல்ல செய்தி உண்டு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு அது 1417 பிக்சல். வலையில் 700 பிக்சல் அகலப் பத்திக்கு, கூர்மையான திரைகளுக்காக இரட்டிப்பாக எடுத்தால் 1400 பிக்சல். ஏறக்குறைய ஒன்றேதான். பக்கத்துக்குள் அடங்கும் புகைப்படத்துக்கு அச்சு வேறு, வலை வேறு என்று பிக்சல் அளவில் அலட்டிக்கொள்ளவே வேண்டாம். பக்கம் முழுக்க வரும் படத்துக்குத்தான் தனிப் பிரதி தேவை. ஏ4 அகலம் 210 மில்லிமீட்டர், இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு சேர்த்தால் 216, அதற்கு 2551 பிக்சல்.

வலைக்கு 72 டிபிஐ என்று இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். உலாவி அந்த எண்ணைச் சட்டை செய்வதே இல்லை, அதற்குப் பிக்சல் எத்தனை என்பதுதான் கணக்கு. ஆனால் அச்சுப் பக்கம் அது விஷயம். படத்தின் அகலத்தைச் சொல்லாமல் லேடெக்கில் வைத்தால், கோப்பில் எழுதியிருக்கும் டிபிஐயை வைத்துத்தான் அது அளவைத் தீர்மானிக்கும். எழுதியிருக்கவில்லையென்றால் பிடிஎஃப்லேடெக் 72 என்று எடுத்துக்கொள்ளும். 1400 பிக்சல் படம் 49 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்து தாளைவிட்டே வெளியே போய்விடும். வலைக்காகத் தகவல்களைத் துடைத்த படத்தை அச்சுக்கும் பயன்படுத்தும்போது இது நடக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தை வெளிப்படையாக எழுதிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

படங்கள் அச்சில் மட்டும் பக்கவாட்டில் படுத்துக்கொள்வது இன்னொரு விசித்திரம். கைபேசி, படத்தின் பிக்சல்களைத் திருப்பாமல், இதைத் திருப்பிக் காட்டு என்று, படக் கோப்புக்குள் வரும் எக்சிஃப் தகவலில் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவைக்கிறது. உலாவி அந்தக் குறிப்பை மதிக்கும், பிடிஎஃப்லேடெக் மதிக்காது. பிக்சல்களையே திருப்பிச் சேமித்து, குறிப்பை நீக்கிவிடுங்கள். அதே எக்சிஃப்பில் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் இருக்கும். வலைக்குப் போகும் பிரதியில் அதைத் துடைப்பது அவசியம். துடைக்கும்போது ஒரு எச்சரிக்கை: பல கருவிகள் எல்லாத் தகவலையும் துடைக்கிறேன் என்று நிற எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் வண்ண ப்ரொஃபைலையும் சேர்த்துத் துடைத்துவிடும். புதிய கைபேசிகளில் பல எடுப்பது டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான வண்ணவெளியில். ப்ரொஃபைல் போனால் உலாவி அதை வலையின் வழக்கமான வண்ணவெளியான எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக் காட்டும், நிறம் வெளுத்துவிடும். முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், பிறகு துடையுங்கள். ஹெச்இஐசி கோப்பாக வந்திருந்தால் அதைப் பெரும்பாலான உலாவிகளும் காட்டாது, லேடெக்கும் எடுக்காது. அதையும் இதே கட்டத்தில் மாற்றிவிடுங்கள்.

ஜேபிஜியின் தரம் வலைக்கு 75 முதல் 85, அச்சுக்கு 90க்கு மேல். மென்பொருளுக்கு மென்பொருள் இந்த எண்ணின் அளவுகோல் மாறும் என்பதால் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஜேபிஜியைத் திறந்து திருத்தி ஜேபிஜியாகவே சேமிப்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தின்னும். மூலக் கோப்பு வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஸ்கிரீன்ஷாட்டில் ஜேபிஜியை நெருங்கவே கூடாது. ஜேபிஜி படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வானமும் முகமும் அதற்குச் சரிப்படும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்ற திடீர் மாற்றம் சரிப்படாது, எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தாற்போல் புள்ளிகள் வரும். சிவப்பு எழுத்து இன்னும் மோசம், பெரும்பாலான ஜேபிஜிகளில் நிறத் தகவல் பாதி அளவுக்குக் குறைத்துத்தான் சேமிக்கப்படுகிறது. நீங்கள் பிஎன்ஜி கொடுத்தாலும் எக்ஸ்போர்ட் அதை ஜேபிஜி ஆக்கிவிடலாம் என்பதுதான் இதில் உச்சம். லிப்ரே ஆஃபிஸின் பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பெட்டி இயல்பாக 90 சதவீத ஜேபிஜி சுருக்கமும், 300 டிபிஐக்குக் குறைப்பதும் டிக் செய்யப்பட்டுத்தான் வரும். இழப்பில்லாத சுருக்கம் என்பதற்கு மாற்றுங்கள். வேர்டில் இதைவிட விபரீதம்: சேமிக்கும்போதே படங்களைக் குறைத்துவிடும், பல பதிப்புகளில் 220க்கு. மேம்பட்ட விருப்பங்களில் படங்களைச் சுருக்காதே என்பதை ஆவணம் தொடங்கும்போதே டிக் செய்யாவிட்டால் பின்னால் மீட்க முடியாது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கருவி வழியாகப் பிடிஎஃப்பின் எடையைக் குறைப்பவர்கள் ஸ்கிரீன் என்ற அமைப்பைத் தொட வேண்டாம், படங்களை 72க்கு இறக்கிவிடும். ஈபுக் என்றால் 150, பிரிண்டர் என்றால் 300.

ஸ்கிரீன்ஷாட்டைப் பின்னால் பெரிதாக்கிக் கூர்மையைக் கொண்டுவர முடியாது. எடுக்கும்போதே திரையின் அளவை 200 சதவீதத்துக்கு ஏற்றி, தேவையான சன்னலை மட்டும் எடுங்கள். 1200 பிக்சல் கிடைத்தால் 10 சென்டிமீட்டருக்கு 305 டிபிஐ ஆகிறது, தாராளம். பின்னணி ஊடுருவித் தெரியும் பிஎன்ஜியில் இரு பக்கமும் தொல்லை. வலையில் இருண்ட பின்னணியில் படிப்பவருக்குக் கறுப்புக் கோடுகள் கறுப்பில் கரைந்துவிடும், கறுப்புக் கோடு வரைந்த எஸ்விஜிக்கும் இதே கதிதான். அச்சில், பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற அச்சுத் தர பிடிஎஃப் கேட்கும் அச்சகத்தில் ஊடுருவல் இருந்தாலே கோப்பை ஏற்கமாட்டார்கள். வெள்ளைப் பின்னணியைச் சேர்த்துத் தட்டையாக்கிவிட்டால் இரண்டும் தீரும்.

நிறம் தனி உலகம். வலைக்கு எஸ்ஆர்ஜிபி, அதில் பேச்சில்லை. அச்சுக்கு சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை) வேண்டுமா என்று அச்சகத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிடிஎஃப்/எக்ஸ்-4 வாங்குபவர்கள் ப்ரொஃபைலோடு இருக்கும் ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) படத்தைத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள், நாம் அரைகுறையாக மாற்றுவதைவிட அது மேல். பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே கிடையாது, ஆகையால் நீங்களே மாற்ற வேண்டியிருந்தால் ஜேபிஜியிலோ டிஃப்பிலோதான். அந்த சிஎம்ஒய்கே ஜேபிஜி தப்பித்தவறி வலைப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிறம் கண்டபடி தெரியும். பளிச்சென்ற நீலமும் பச்சையும் மையில் வராது என்பதையும் வரைபடத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போதே மனதில் வைக்க வேண்டும்.

கறுப்பைப் பற்றி மட்டும் இரண்டு வரி கூடுதலாக. ஆர்ஜிபியின் கறுப்பை சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் நான்கு மையும் கலந்து வரும். ஃபோட்டோஷாப்பில் ஸ்வாப் என்ற அச்சு ப்ரொஃபைலோடு மாற்றினால் 75, 68, 67, 90, மொத்தம் 300 சதவீத மை. பிளேட்டுகள் இம்மி விலகினாலும் மெல்லிய எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். இங்க்ஸ்கேப் கொடுக்கும் பிடிஎஃப் ஆர்ஜிபிதான். ஒற்றை வண்ணப் புத்தகமென்றால் கோட்டுப்படங்களைக் கிரேஸ்கேலாக மாற்றிவிடுங்கள், கறுப்பு தனிக் கறுப்பு மையில் வரும். அப்போது சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒரே சாம்பலாகிவிடும் என்பதால் ஒன்றைப் புள்ளிக்கோடாக்கி வேறுபடுத்துங்கள். வலையில் நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அது உதவும்.

வலைப் பக்கத்துக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். பிக்சர் குறிக்குள் முதலில் ஏவிஐஎஃப், பிறகு வெப்பி, கடைசியில் ஜேபிஜி என்று அடுக்கினால் உலாவி தனக்குத் தெரிந்த முதலாவதை எடுத்துக்கொள்ளும். வெப்பியில் ஒரு பக்கம் 16383 பிக்சலுக்கு மேல் போகாது, நீண்ட முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட்டுகளில் இது இடிக்கும். அகலம், உயரம் இரண்டையும் குறியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் ஏறும்போது எழுத்தெல்லாம் துள்ளும். கோப்புப் பெயரில் இடைவெளியும் பெரிய எழுத்தும் வேண்டாம், உங்கள் கணினியில் ஓடும் பெயர் சர்வரில் ஓடாமல் போகும். தமிழில் பெயர் வைப்பதும் ஆபத்துதான். ஒகரக் குறி யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். ஆப்பிளின் மேக் கணினிகளில் இருந்த பழைய கோப்பு முறை பிரித்துத்தான் சேமிக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், சர்வருக்கு வேறு பெயர், படம் கிடைக்கவில்லை என்று வரும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்பைத் திரையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பாப்லர் என்ற கருவித் தொகுப்பில் பிடிஎஃப்இமேஜஸ் என்ற கருவி உண்டு. பட்டியல் கேட்டு ஓட்டினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிக்சல் படத்தையும் பக்க எண், நிறம், சுருக்கம், பக்கத்தில் வைத்த அளவில் கிடைக்கும் பிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) என்று வரிசையாகக் காட்டும். வெக்டராக இருக்க வேண்டிய படம் இந்தப் பட்டியலில் வந்தாலே எங்கோ பிக்சலாகிவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டுக்கு நேராக ஜேபெக் (ஜேபிஜிதான்) என்றிருந்தால் எக்ஸ்போர்ட் கைவைத்துவிட்டது. 200க்குக் கீழே எண் தெரியும் வரிகளைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதன் கூடவே பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் ஓட்டினால் பதியாத எழுத்துருவும் டைப் 3யும் வெளியே வரும். சிஎம்ஒய்கே பிடிஎஃப் என்றால் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் இங்க்கவ் என்ற வசதி பக்கத்துக்குப் பக்கம் நான்கு மையின் பரப்பைச் சொல்லும். வெறும் எழுத்துப் பக்கத்தில் முதல் மூன்றும் பூஜ்யமாக இல்லையென்றால் கறுப்பு கலந்திருக்கிறது.

பிறகு படம் அதிகமுள்ள நாலு பக்கத்தை லேசர் பிரிண்டரில் நூறு சதவீத அளவில், பக்கத்துக்குப் பொருத்து என்பதை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். எழுத்தின் அளவு, கோட்டின் தடிமன், ஸ்கிரீன்ஷாட்டின் தெளிவு மூன்றும் அதிலேயே தெரியும். நிறத்தை அதில் நம்ப வேண்டாம், அதற்கு அச்சகத்தின் மாதிரி அச்சான புரூஃப் வர வேண்டும். புரூஃபிலும் முதலில் எழுத்துப்பிழை தேடாமல் படங்களைப் பாருங்கள். எழுத்துப்பிழைக்கு ஒரு பக்கத்தை மாற்றிக் கொடுத்தால் போகும். பட எக்ஸ்போர்ட்டில் தவறு என்றால் கோப்பு முழுவதையும் மறுபடி எடுத்து, மறுபடி புரூஃப் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வெளியீட்டுத் தேதியைச் சொல்லுங்கள்.